கன்னிக்கால் மரமும் மீன்பெட்டியும்: வீட்டில் செய்யும் அலைப்பலகையின் கணக்கு

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் கன்னிக்காலாக நடுவது முள்முருக்கு. அந்த மரத்துக்கு ஹவாய்த் தீவுகளில் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருக்கிறது, பெயர் விலிவிலி. இரண்டும் எரித்ரினா என்ற ஒரே பேரினம். இரண்டிலும் முள் உண்டு, இரண்டும் காய்ந்தால் கையில் பாரம் தெரியாது. பழைய ஹவாயில் பிரதானிகள் ஏறி அலையில் சறுக்கிய ‘ஓலோ’ என்ற நீளப் பலகைகளுக்கு விலிவிலியைத்தான் தேடிப் போனார்கள். சாதாரண சனம் கோவா மரத்திலோ ஈரப்பலாவிலோ செதுக்கிய, மெல்லிய, குட்டையான ‘அலாயா’வில் ஏறியது. ஈரப்பலாவும் எங்கள் வளவுகளில் நிற்கிற மரந்தான்.

அலைச்சறுக்கு என்றதும் அறுகம்குடாவில் வெளிநாட்டார் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரியும் பளபளத்த பலகைதான் எங்களுக்குக் கண்ணில் வரும். அதை இறக்குமதி செய்யவேண்டும், பெருங்காசு வேண்டும் என்பதோடு பேச்சும் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பலகை தோன்றிய காலந்தொட்டு அந்தந்த ஊரில் கைக்கு அகப்பட்டதைக் கொண்டே செய்யப்பட்டு வந்திருக்கிறது. 1885 இல் படிப்புக்காகக் கலிபோர்னியா போன மூன்று ஹவாய் இளவரசர்கள் சான்ரா குரூஸ் ஆற்று முகத்துவாரத்தில் அலையைக் கண்டதும் விலிவிலிக்குக் காத்திருக்கவில்லை. அந்த ஊர் ரெட்வூட் மரத்தில் பலகை அறுப்பித்து இறங்கினார்கள். பப்புவா நியூகினியின் வனிமோவில் பிள்ளைகள் உடைந்த வள்ளங்களின் பலகைத் துண்டுகளில் ஏறி ஆடினார்கள். தொம் பிளேக் என்ற அமெரிக்கர் 1926 இல் பாரமான பலகையில் நிறையத் துளைகள் போட்டு, மேலே மெல்லிய மரத்தகட்டை ஒட்டி மூடி, உள்ளே வெறுமையான பலகையைக் கொண்டுவந்தார். 1935 இல் அவர் முதன்முதலாகப் பலகையின் அடியில் வைத்த செட்டை, ஒரு வேகப்படகிலிருந்து கழற்றிய உலோக அடிக்கட்டை. உலகத்தின் முதல் அலைப்பலகைச் செட்டையே பழைய சாமான்தான்.

கண்ணாடி நாரும், அதை ஊறவைத்து இறுக்கும் பசையான ரெசினும் இரண்டாம் உலகப் போரின் ஆகாய விமானத் தொழிலிலிருந்து கரைக்கு வந்தவை. 1946 இல் முதல் கண்ணாடிநார்ப் பலகை வந்தது. 1950களின் கடைசியில் ஹோபி ஆல்ரரும் கோர்டன் கிளார்க்கும் பொலியூரித்தேன் நுரையில் அச்சு வார்க்கத் தொடங்கியபின், அதுவரை பாவித்த இலேசான பல்சா மரம் ஒதுங்கியது. அதற்குப்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த நுரைதான் ராசா. 2005 டிசம்பர் 5 ஆம் திகதி, அமெரிக்காவின் பெரும்பாலான பலகைகளுக்கு நுரைக்கட்டி கொடுத்துவந்த கிளார்க் போம் நிறுவனம் ஒரே நாளில் கதவை மூடியது. பலகை செய்பவர்கள் திகைத்துப்போனார்கள். பொலிஸ்ரைரீன் நுரை, போலோனியா மரம், ஆனைக்கற்றாழைத் தண்டு, மூங்கில் என்று எல்லாம் மறுபடி பட்டறைக்குள் நுழைந்ததில் அந்தத் திகைப்புக்குப் பெரிய பங்குண்டு.

இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று இருக்கிறது; இந்தக் கட்டுரை சொல்லவந்ததும் அதைத்தான். பலகைக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். தண்ணீர் புகாத, விறைப்பான தோல் ஒன்று வெளியே இருக்கவேண்டும். ‘எதிலே செய்யலாம்’ என்று கேட்பவர்கள் எல்லோரும் உள்ளீட்டைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் செய்த பலகைகள் தோற்பதோ தோலில்.

காரணம் இதுதான். ஒருவர் பலகைமேல் நிற்கும்போது பலகை வளையப் பார்க்கும். வளையும்போது ஒரு பக்கத்துத் தோல் இழுபடும், மறுபக்கத்துத் தோல் நசுங்கும். நடுவில் இருக்கும் பொருள் பெரிதாக எதையும் தாங்குவதில்லை. அதன் வேலை இரண்டு தோலையும் ஒன்றிலிருந்து ஒன்று விலத்திப் பிடித்திருப்பது. தோல்களுக்கிடையிலான தூரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே நடுவில் இருப்பது இலேசாகவும், தோலோடு நன்றாக ஒட்டியும் இருந்தால் போதும். கலிபோர்னியாவில் அட்டைப்பெட்டிக் காகிதத்தை அறை அறையாகக் கோத்து, அதன்மேல் ரெசின் தோல் போர்த்திப் பலகை செய்து ஓட்டியிருக்கிறார்கள். தோல் கிழியாதவரை காகிதத்துக்குக் கடல் இருப்பதே தெரியாது.

இனி எங்கள் கணக்கு. பழகுபவருக்கு ஏற்ற பலகை 9 அடி நீளம், இருபத்திரண்டரை அங்குல அகலம், நடுவில் 3 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தடிப்பு என்று வைப்போம். நீளம், அகலம், தடிப்பைப் பெருக்கினால் ஏறக்குறைய 125 லீற்றர் வரும். முனைகளும் விளிம்பும் ஒடுங்கிப் போவதால் பாதிக்குச் சற்று அதிகந்தான் மிஞ்சும்: 65 முதல் 70 லீற்றர். கடல்நீர் லீற்றருக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். அறுபது, அறுபத்தைந்து கிலோ ஆளுக்குப் பழக இது நல்ல அளவு.

இந்த 70 லீற்றரைப் பனை வைரத்தால் நிரப்பினால் பலகையே கிட்டத்தட்ட ஓர் ஆளின் பாரம் வரும். யாழ்ப்பாணத்தில் எதைச் செய்தாலும் பனையைக் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் எங்களுக்கு உண்டு. வளைக்கும் துலாவுக்கும் அதை விட்டுவிடுவோம். முள்முருக்கு என்றால் 20 கிலோவுக்கு அருகில் வரும். பிளேக் செய்ததுபோல உள்ளே குடைந்தால் பாதியாகக் குறைக்கலாம். பல்சா 11 கிலோ. மீன்பெட்டி செய்யும் வெள்ளை நுரையான ரெஜிபோம்? ஒன்றரைக் கிலோ.

மீன்பெட்டி ரெஜிபோமுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. குருநகரிலும் பருத்தித்துறையிலும் பனிக்கட்டி போட்டுக் கொழும்புக்கு மீன் ஏற்றுவது அதில்தான். 2017 இல் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தடை செய்தார்களே தவிர, மீன்பெட்டி நின்றுவிடவில்லை. மூடி உடைந்த பெட்டிகள் துறைகளின் ஓரத்தில் குவிந்து கிடக்கும். களப்பில் அவற்றைக் கட்டித் தெப்பமாக்கி வலை போடுபவர்களும் உண்டு. பலகைக்கு எடுப்பதானால் பெட்டியின் தட்டையான பக்கங்களை மட்டும் எடுக்கவேண்டும். விரலால் அமத்தினால் குழி நிற்கிற இளகல் சரிவராது. நெருக்கமான மணியுள்ள கட்டித் துண்டு வேண்டும். கழுவி, நிழலில் நாட்கணக்கில் காயவிட்டு, துண்டுகளைச் செங்கல் கட்டுவதுபோல மூட்டு விலத்தி அடுக்கி ஒட்டினால் ஒரு பெரிய கட்டி கிடைக்கும். நடு நீளத்துக்கு ஒரு மெல்லிய பிளைவூட் பட்டியை நிமிர்த்தி வைத்து ஒட்டுவது நல்லது. அதுதான் பலகையின் முதுகெலும்பு, வெட்டும்போது நேர்கோடும் அதுவே.

வெட்டுவதற்குச் சூடான கம்பி. பழைய ஹீட்டர் சுருளிலிருந்து நீட்டி எடுத்த நைக்குரோம் கம்பியை ஒரு மர வில்லில் கட்டி, 12 வோல்ற் பற்றரியில் கொடுத்தால் ரெஜிபோம் வெண்ணெயாக அறும். திறந்த வெளியில் செய்யவேண்டும், அந்தப் புகை கூடாது. ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லவேண்டும்: காய்ந்த பசைக்கோட்டில் கம்பி முட்டி நிற்கும், சுற்றியிருக்கும் நுரை அதற்குள் உருகிப் பள்ளமாகும். ஆகவே வெட்டுப்பாதை வரும் இடங்களில் பசை பூசாமல் விடவேண்டும். அல்லது கம்பியை மறந்து, நீளமான மண்தாளில் தேய்த்தே உருவம் எடுக்கவேண்டும். இரண்டாவதற்கு நேரம் போகும், ஆனால் கை தப்பாது. நான் அதைத்தான் சொல்வேன்.

போத்தல் பலகையைப் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் பார்ப்போம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் 40 எடுத்தால் 60 லீற்றர் மிதப்பு வரும்; அவ்வளவு போத்தலின் பாரமும் ரெஜிபோம் உள்ளீட்டின் பாரத்தை ஒட்டித்தான் இருக்கும். கணக்குப்படி அருமை. ஆனால் போத்தல் உருளை. உருளைகளுக்கிடையே இடைவெளி விழும், பலகை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே மெலியாது, அடிப்பாகம் முண்டும் முடிச்சுமாகத் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். மூடியில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்திக் கொஞ்சம் காற்றடித்தால் போத்தல் கல்லாக நிற்கும். சோடாவின் அழுத்தத்தைத் தாங்கச் செய்த போத்தல் அது. (கொஞ்சம் என்றால் கொஞ்சந்தான், வெடித்தால் மூடி துவக்குச் சன்னமாகப் பறக்கும்.) அப்படியிருந்தும் அது மிதக்குமே தவிர அலையில் வழுக்காது. தோல் இல்லை, அதுதான் குறை. படுத்துக்கொண்டு கையால் வலிக்கவும், பிள்ளைகள் ஆழமில்லாத கசூரினாக் கடலில் விளையாடவும் போதும்.

மூங்கில் வேறு விதம். வாடைக்காலத்தில் வங்காள விரிகுடா கடந்து வந்த மூங்கில் தெப்பங்கள் வடமராட்சி கிழக்கில் கரையொதுங்குவதும், அதைப் பார்க்கச் சனம் கூடுவதும் செய்தியில் வருவதுண்டு. முழு மூங்கிலாகக் கட்டினால் அது தெப்பந்தான். கீற்றாகப் பிளந்து, சீவி, நுரைக்கு மேலே தோலின் அடிப்படையாக ஒட்டினால் இழுவையைத் தாங்குவதில் அதற்கு நிகர் கிடைப்பது கடினம். ஆனைக்கற்றாழை பூத்து முடிந்தபின் காய்ந்து நிற்கும் நடுத்தண்டும் ஒரு நல்ல உள்ளீடு. சான் டியாகோ பக்கத்தில் கரி லிண்டன் அதில் பலகை செய்து பெயர் எடுத்தவர். வாழைக்குற்றியில் கேணிகளில் நீந்தப் பழகியவர்கள் அதையும் நினைக்கக்கூடும். சில நாளில் அழுகிவிடும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. மாற்றுப் பொருள் தேடும் கெட்டித்தனத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அது வேறு வழியில்லாமல் வந்த கெட்டித்தனம் என்பதையும் மறக்கக்கூடாது. விளையாட்டுக்காக அதை எடுப்பது ஒருவகையில் புதிது.

தோலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் கண்ணாடிநார் வேலை தெரிந்த கைகள் நிறைய. 1960களின் பிற்பகுதியில் நோர்வேக்காரரின் உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் படகுத்தளம் அந்த வேலையை இங்கே பரவச் செய்ததில் முக்கியமானது. இன்றைக்கும் துறைக்குத் துறை பைபர் படகு ஒட்டுபவர் ஒருவர் இருப்பார். ரெசின், கண்ணாடிநார் மெட், ரெசினை இறுக்கும் ஹார்ட்னர் எல்லாம் அவரிடம் இருக்கும். மீன்பெட்டியில் செதுக்கிய பலகையோடு அவரிடம் போனால் அவர் முதலில் சொல்வது: “தம்பி, இதுக்கு மேல ரெசின் நிக்காது.”

சொன்னது சரி. ஒரு துண்டு ரெஜிபோமில் ஒரு கரண்டி படகு ரெசினை விட்டுப் பார்க்கலாம். சில நொடிக்கு ஒன்றும் நடக்காது. பிறகு வெள்ளை மணிகள் ஈரம் பட்டதுபோல மினுங்கும், விளிம்பு சுருங்கும், நடு உள்வாங்கும். கொஞ்ச நேரத்தில் ரெசின் துண்டைத் துளைத்துக்கொண்டு அடியில் வந்து நிற்கும். சுற்றிவர இழுபடும் பசையாக ஒரு வளையம் மிஞ்சும். படகு ரெசின் பொலியெஸ்ரர் வகை. அதை இளக்கி வைத்திருப்பது ஸ்ரைரீன். ரெஜிபோமே ஸ்ரைரீனால் ஆன பொலிஸ்ரைரீன். தன் தாய்ப்பொருளில் அது கரைந்துவிடும். பெற்றோல், தின்னர், செருப்பு ஒட்டும் பசை, ஸ்பிரே பெயின்ற் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

வழி மூன்று. முதலாவது, எப்பொக்சி ரெசின். அது ரெஜிபோமைத் தொடாது, நன்றாக ஒட்டும், மணமும் குறைவு, விலைதான் கூட. இரண்டாவது, தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையால் காகிதத்தை இரண்டு மூன்று படையாக ஒட்டி, நுரையை முற்றாக மூடிவிட்டு மேலே படகு ரெசின் போடுவது. ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தால் போதும், ரெசின் உள்ளே போய் நுரையைத் தின்று வெறுங்கூடாக்கிவிடும்; நின்றபிறகு கால் பொத்தென்று இறங்கும்போதுதான் தெரியவரும். மூன்றாவது, ரெசினே இல்லாத வழி: பழைய பருத்தி வேட்டியை அதே வெள்ளைப் பசையில், நீர் தாங்கும் வகையாகப் பார்த்து, தோய்த்து இழுத்து ஒட்டி, காய்ந்தபின் எண்ணெய்ப் பெயின்ற் பல படை அடிப்பது. எட்டு முழ வேட்டி ஒன்று ஒரு பக்கத்தை மூடி விளிம்பிலும் மடியும். சல்லிக் காசில் முடியும். ஒரு பருவத்துக்கு நிற்கும். பெயின்ற் வெடித்த இடத்தால் தண்ணீர் புகுந்தால் பசை இளகத் தொடங்கும்.

படகு ஒட்டுபவரிடம் இன்னொன்றிலும் முரண்பட வேண்டிவரும். அவருக்கு மெட் பழக்கம், அதாவது துண்டு நார்களை அமத்திய பாய். சதுர மீற்றருக்கு 450 கிராம் பாய் தன் பாரத்தைப்போல் இருமடங்கு ரெசினைக் குடிக்கும். எங்கள் பலகையின் மேற்பரப்பு இரண்டு பக்கமும் சேர்ந்து 3 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு படை மெட் போட்டாலே 4 கிலோவுக்குக் கிட்ட ஏறும். பலகைக்கு வேண்டியது 200 கிராம் நெய்த துணி. அது தன் பாரத்தளவு ரெசின்தான் எடுக்கும், ஒரு படைக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். படகு கல்லில் இழுபடவேண்டும் என்று தடிப்பாகப் போடுவார்கள். பலகை அப்படியல்ல, நிற்கும் இடத்தில் மட்டும் இரட்டைப் படை போதும்.

ரெசின் போடுவதற்கு மாலை நல்லது. காலையில் தொடங்கினால் வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரமான தோலுக்குள் குமிழ் குமிழாக வரும். வெயில் தாழ்ந்த பிறகு காற்று சுருங்கும், ரெசினை உள்ளே இழுக்கும். பொலியெஸ்ரர் பாவித்தால் ஹார்ட்னர் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. அதில் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. ரெசின் கெதியில் இறுகச் சேர்க்கும் கோபால்ற் முடுக்கியையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக்கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். பட்டறைகளில் வெறுங்கையோடு செய்கிறார்களே என்பது நியாயமில்லை.

முடிந்த பலகைக்கு வெள்ளை அடியுங்கள். கறுப்போ கடும் நீலமோ அடித்துப் பங்குனி வெயிலில் மணலில் போட்டால் உள்ளே சூடேறி நுரை சுருங்கும், தோல் கழன்று கொப்பளிக்கும். உட்குடைந்த மரப்பலகைக்குக் காற்று போகச் சிறிய துளையும் திருகாணியும் கட்டாயம் வேண்டும். கரையில் திறந்து, கடலுக்குள் போகுமுன் பூட்டவேண்டும்.

வடிவத்தைத் தீர்மானிப்பது இந்தக் கடல். அறுகம்குடாவுக்குத் தென்சமுத்திரத்திலிருந்து நெடுந்தூரம் ஓடிவந்த நீண்ட அலை வருகிறது. சித்திரை வைகாசி தொட்டு ஐப்பசி மட்டும் அங்கே பருவம். எங்கள் வடகரை பாக்கு நீரிணையைப் பார்த்தது, ஆழம் குறைந்தது. அங்கே காற்று கிளப்பும் அலை குட்டை, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்து வரும். காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறைவரை கரையோரம் முருகைக்கல். விழுந்தால் தோல் உரியும், பலகைக்கும் உங்களுக்கும். திறந்த வங்காள விரிகுடாவைப் பார்ப்பது வடமராட்சி கிழக்கு: மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி. வாடை தொடங்கினால் அங்கே கடல் எழும்பும். தாழமுக்க நாட்களில் தொழிலாளிகளே கடலுக்குப் போகாதபோது பலகையோடு இறங்குவது வீரமல்ல. வாடை தணிந்துவரும் தை, மாசியில் இடுப்பளவு அலையில் பழகலாம்.

வலுக்குறைந்த, குட்டையான அலைக்கு வேண்டியது நீளமும் அகலமும் மிதப்பும் தட்டையான அடியும். கூர்ந்த சின்னப் பலகைகளில் அரை அங்குலப் பிழையும் ஆட்டத்தைக் கெடுக்கும். பெரிய பலகை பிழை பொறுக்கும். வீட்டில் செய்பவருக்கு எங்கள் கடல் தந்த சலுகை என்று இதைச் சொல்லலாம். அணியத்தை, அதாவது பலகையின் முன்முனையை, மட்டும் நாலைந்து அங்குலம் மேலே தூக்கி விடவேண்டும்; இல்லாவிட்டால் செங்குத்தான அலையில் மூக்குக் குத்தும். இவ்வளவும் பெரிய வேலையாகத் தெரிந்தால், நாலரை அடி நீளத்தில் அரை அங்குல மெரைன் பிளைவூட்டை வெட்டி, விளிம்பை உருட்டி, எண்ணெய் ஊட்டுங்கள். நெஞ்சை வைத்துப் படுத்துக்கொண்டு ஓடும் பலகை அது. ஹவாயில் ‘பைப்போ’ என்ற பெயரில் பிள்ளைகள் தொடங்கியதும் அப்படித்தான்.

செட்டையைப் பிளைவூட்டில் வெட்டி, துணியும் ரெசினும் போட்டு ஒட்டலாம். உடைந்த பிளாஸ்ரிக் வெட்டுப்பலகையில் செய்யாதீர்கள், அந்தப் பிளாஸ்ரிக்கில் பசை பிடிக்காது. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றுக்குச் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டும் யோசனை யாருக்கும் வரும். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இழுபடும் இறப்பர்க் குழாயைத்தான் கட்டினார்கள். அது பலகையைக் கவண் கல்லாகத் திருப்பி எறிந்தது. ஈரநீச்சலுடையால் பேர்பெற்ற ஜக் ஓநீல் இடக்கண்ணை இழந்தது அப்படித்தான். இழுவை குறைந்த கயிறு, கணுக்காலில் அகலமான துணிப்பட்டி, பலகையின் நீளத்தை ஒட்டிய அளவு. அவ்வளவு போதும்.

கடைசியாக, எங்கே இறங்குவது. வடமராட்சி கிழக்கில் கரைவலைப் பாடுகள் இருக்கின்றன. வலை வளைத்திருக்கும்போது இரண்டு கயிறும் கடலுக்குள் நீண்டு கிடக்கும். சில இடங்களில் இப்போது உழவு இயந்திரத்தால் இழுக்கிறார்கள், அந்தக் கயிறு விறைத்து நிற்கும்போது அதற்குள் அகப்பட்ட செட்டையும் மிஞ்சாது, காலும் மிஞ்சாது. வாடியில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் வலை எத்தனை மணிக்கு ஏறும், எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது என்று இரண்டையும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.